குழிக்கு முன்னால் வந்த பெட்டி

செங்கோடன் இறந்து பதினோரு நாளாகியும் உடம்பு கெடவில்லை. ஆடி மாதத்தில் செம்மநத்தம் மலைரோட்டோர எஸ்டேட் லைன் வீடுகளில் துவைத்துப் போட்ட துணிகூட மூன்று நாளில் பூஞ்சை பிடித்துவிடும். அவன் மட்டும் முகம் கழுவிவிட்டு வந்து படுத்தவன் மாதிரி கிடந்தான். யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. புதைக்க இடம் இல்லாதவன் அழுகி என்ன செய்யப்போகிறான் என்று பேசிக்கொண்டார்கள்.

இடம் இல்லாமல் போனது இப்படி. அவன் அப்பா கீழே ராசிபுரம் பக்கமிருந்து பிழைக்க வந்து, காபி எஸ்டேட்டில் சேர்ந்தவர். மலைக்காரர்கள் அவரவர் காட்டில் புதைத்துக்கொள்வார்கள். லைன் ஜனங்களுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. செத்தால் எஸ்டேட்டின் தெற்கு மூலையில், சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் போய்ச் சேர்வார்கள். எஸ்டேட் கைமாறியபோது புது முதலாளி அந்த மூலையில் வில்லா கட்டுவதற்காகக் கம்பி வேலி போட்டார். வேலியின் ஏழாவது தூண் அங்கே புதைந்து கிடந்த செங்கோடனின் அப்பாவுக்கு நெஞ்சில் இறங்கியது.

ஊரில் மிச்சமிருந்தது மாதா கோயில். கிறிஸ்தவக் குடும்பங்கள் ஆறே ஆறு என்றாலும் கோயில் எல்லாருக்கும் பொது. அதன் மணிக்குத்தான் லைன் பெண்கள் வேலைக்குக் கிளம்பினார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் சிஸ்டரிடம் ஓடினார்கள். அதன் களத்தில் மிளகு காயப்போட்டார்கள். சவப்பெட்டிகூட அங்கேதான் இரவல் வாங்கினார்கள். ஊருக்கெல்லாம் ஒரே பெட்டி. கறுப்புத் துணி போர்த்திய பலகைப் பெட்டி, தூம்பா என்பார்கள். உடம்பைக் குழியில் இறக்கியதும் கழுவித் திரும்பக் கோயிலில் வைத்துவிட வேண்டும். முதலில் குழி வெட்டணும், அப்புறம்தான் தூம்பா கேட்கணும் என்பது முறை. செங்கோடனின் மனைவி வேலம்மாள் துக்கத்தில் முதலில் தூம்பாவைக் கேட்டுவிட்டாள். புருஷனை அதில் கிடத்திய பிறகுதான், எஸ்டேட் கேட்டை வாட்ச்மேன் திறக்க மாட்டேன் என்கிறான் என்ற சேதி வந்தது. தூம்பாவில் ஏறியவனைக் குழியில்தான் இறக்கலாம். வீட்டுக்குள் இறக்கினால் வீடு ஆகாது. ஆகவே தூம்பாவோடு கோயிலின் பக்கத்து அறையில் வைத்தார்கள். எல்லாத் தப்பும் அங்கே தொடங்கியது என்று ஊர் இன்றும் சொல்கிறது.

திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து வந்த மகன் யுவராஜ், சேலத்தில் மின்மயானம் இருக்கிறது என்று வேன் பிடித்தான். கீழே இறங்கும் முதல் கொண்டை ஊசி வளைவில் வேன் நின்றது. எஞ்சின் ஓடியது, சக்கரம் சுற்றியது, வண்டி மட்டும் நகரவில்லை. திருப்பிய உடனே ஆக்சிலேட்டர் மிதிக்காமலே மேட்டில் ஏறி, கோயில் வாசலில் வந்து நின்றது. டிரைவர் வாடகையில் பாதி போதும் என்றான். யுவராஜுக்கு லீவு முடிந்துவிட்டது. ஏதாவது ஆனால் வாட்ஸ்அப்பில் சொல்லச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான்.

வேலம்மாளுக்கு வேண்டியதெல்லாம் ஆறடி மண். கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம் இருந்தது. ஃபாதர் ஜெப்சன் ஏற்காட்டிலிருந்து மாதம் இரண்டு முறை பைக்கில் வந்து பூசை வைப்பவர், நல்ல மனுஷன். அவர் ஆறு குடும்பங்களையும் கூட்டிக் கேட்டார். அதில் ஒரு வீட்டுக்காரன் நல்லமுத்து எழுந்து, வேலம்மாளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"ஏனுங்க வேலம்மாக்கா, இருக்கறதே நாலு எடம். எங்க ஊட்ல மட்டும் ஒம்பது பேருங்க."

அவனும் அதே லைனில் குடியிருப்பவன்தான். அவன்மேல் கோபப்பட வேலம்மாளுக்கு வழியில்லை. அவள் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டால் அவளுக்கு ஓர் இடம் பேசிப் பார்க்கலாம், இறந்தவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க முறையில்லை என்று ஃபாதர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அவரு வெளிய கெடக்கறப்ப நான் மட்டும் உள்ள போயிப் படுத்து என்னங்க ஃபாதர் பண்றது?"

ஃபாதர் மேலிடத்துக்கு எழுதினார். கவனத்தில் கொள்ளப்பட்டது என்று பதில் வந்தது. அரசாங்க ஆபீசில் அவள் கொடுத்த மனுவுக்கும் அதே பதில்தான், சீல் மட்டும் வேறு.

தை பிறந்ததும், மேட்டில் தகரக் கொட்டகையில் சபை நடத்திய பாஸ்டர் மெல்வின் வேறு வழி பார்த்தார். மூன்று நாள் உபவாசமிருந்து, தூம்பாவின் தலைமாட்டில் நின்று ஜெபித்தார். மூன்றாம் நாள் உச்சி வெயிலில் செங்கோடன் கண்ணைத் திறந்தான்.

"எடம் ஆயிருச்சுங்களா?"

இன்னும் இல்லை என்றார் மெல்வின்.

"அப்பறம் எதுக்குங்க எழுப்புனீங்க?"

திரும்பக் கண்ணை மூடிக்கொண்டான். இதை அற்புதமாக அறிவிக்கலாமா என்று மெல்வின் இரண்டு நாள் யோசித்து, வேண்டாமென்று விட்டுவிட்டார். அந்த நேரத்தில் வேலம்மாள் ஏணியில் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் விஷயம் தெரிந்து ஓடிவந்து, பாஸ்டர்கிட்டப் பேசத் தெரிஞ்சுது, எனக்காகக் கொஞ்சம் காத்திருக்கத் தெரியல என்று புருஷனைத் திட்டித் தீர்த்தாள். அவன் அசையவில்லை.

அடுத்த வருடம் லைனில் பார்வதி இறந்தாள். அதற்கடுத்து எஸ்டேட் கணக்கெழுதிய ரைட்டர் கமலக்கண்ணன், அப்புறம் வருடத்துக்கு இரண்டு மூன்று பேர். யாருடைய உடம்பும் கெடவில்லை. பக்கத்து அறையில் படுக்கவைக்க இடம் போதாமல், எல்லாரையும் கோயிலுக்குள் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். தூம்பாவைக் காலிசெய்து தர வேண்டியிருந்ததால் செங்கோடனையும் தூக்கி முதல் பெஞ்சில் ஓரமாக வைத்தார்கள். அதற்குள் கல்லறைத் தோட்டத்தின் நாலு இடமும் நல்லமுத்து வீட்டாரைக் கொண்டே நிரம்பிவிட்டது. அந்த வீட்டில் ஐந்தாவதாக நல்லமுத்துவே இறந்தான். அவனைக் கொண்டுவந்து செங்கோடனுக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தார்கள். ஆள் வராத கோயிலை மூடிவிடலாமா என்று பார்க்க மேலிடத்திலிருந்து ஒருவர் வந்தார். ஞாயிறு பூசையில் பெஞ்சு நிறைந்திருப்பதை வாசலிலிருந்தே பார்த்துவிட்டு, மூட வேண்டியதில்லை என்று சொல்லித் திரும்பிப் போனார்.

வேலம்மாள் அதற்குப் பிறகு மனு எழுதவில்லை. பறிப்புக்குப் போனாள். வாரம் ஒருமுறை வந்து புருஷன் சட்டையை மாற்றினாள். இந்தத் தை மாதம், பறிப்பு முடிந்த மறு ஞாயிறு, எழுந்ததும் மூச்சு கால்வாசிதான் வந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. யாரும் தன்னைச் சுமக்க வேண்டாம் என்று வெந்நீர் வைத்துக் குளித்து, வெளுத்த சேலை கட்டி, நின்று நின்று கோயிலுக்கு நடந்தாள். உள்ளே ஃபாதர் ஜெப்சன் வாசித்துக்கொண்டிருந்தார். எந்தப் பெஞ்சிலும் இடமில்லை. அவள் நேராக முதல் பெஞ்சுக்குப் போனாள்.

"ஏனுங்க, கொஞ்சம் நகருங்க."

செங்கோடன் அரையடி நகர்ந்தான். நல்லமுத்துவும் நகர்ந்தான். ஃபாதர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, விட்ட வரியிலிருந்து தொடர்ந்தார். பூசை முடிந்து உயிரோடிருந்தவர்கள் எழுந்து வெளியே போனார்கள். வேலம்மாள் எழவில்லை, அவளை யாரும் எழுப்பவும் இல்லை.