எண்ணெய் போன பிறகு

பாலிஷ் மெஷினை அணைத்த பிறகும் அக்காவின் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. காலையிலிருந்து தேய்த்த கறுப்புக் கார் கண்ணாடியாய் மின்னியது. இனித் தம்பி ஸ்பிரிட்டால் துடைத்துப் பாதுகாப்புப் பூச்சைப் பூசிவிட்டால், வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம்.

தம்பி பானெட்டைத் துடைத்தான். பாலிஷின் எண்ணெய் போனதும், அதில் ஒளிந்திருந்த மெல்லிய கீறல்கள் ஓர் ஓரத்தில் வளையம் வளையமாக வெளியே வந்தன.

"போச்சுடா!" அக்கா ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். தோள் வலியில் அந்த ஓரத்தை மட்டும் ஒப்புக்கு ஓட்டியது அவளுக்குத் தெரியும்.

"விடுக்கா, மேல பூசிடறேன். கார்க்காரர் என்ன பூதக்கண்ணாடியோடவா வரப்போறாரு?"

"வெயில்ல நிறுத்தினா பல்லை இளிச்சிடும்டா. அப்புறம் பூச்சையே தேய்ச்சு எடுத்தாத்தான் கீறல் போகும்."

"உன் தோளு?"

"அது என்கூட வீட்டுக்கு வரும், தைலம் தடவிக்கலாம். கீறல் அவரோட போயிடுமே."

அவள் எழுந்து மெஷினில் புதுப் பஞ்சு வட்டை மாட்டினாள். தம்பி முணுமுணுத்தபடி பூச்சு பாட்டிலை மூடினான். பிறகு, கனம் அவள் கையை இழுக்காதபடி மெஷினின் வயரைத் தன் தோளில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் நின்றான்.