ஏவாளைப் பற்றிப் பேசியவள்

சலவையக்கா என்றால் அந்த மருத்துவமனையில் எல்லோருக்கும் தெரியும். சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருட வேலை. இரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர், எண்ணெய்க் கறைக்குச் சுடுதண்ணீர் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வாள். அதற்குமேல் பேச்சு வளர்க்க மாட்டாள்.

அவளுக்கு இரண்டு மகன்கள். தகப்பன் சாவதற்கு முன் வண்டிப் பட்டறையின் சாவியை இளையவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மூத்தவன் பதினோரு வருடம் அங்கே கிரீஸில் உழன்றவன். ஒரு மத்தியானம் வாய்ச்சண்டை முற்றி, கையிலிருந்த ஸ்பேனரை ஓங்கிவிட்டான். ஒரே அடி. இளையவன் அங்கேயே போய்விட்டான். மூத்தவனுக்கு ஆயுள் தண்டனை.

ஆறு வருடமாகச் சலவையக்கா சிறைப் பக்கம் போகவில்லை. இளையவனின் மனைவி, பள்ளியில் கணக்கு டீச்சர், அவளோடுதான் இருந்தாள்.

ஆலயத்துப் பெண்கள் கூட்டத்தில் மாதத்துக்கு ஒருத்தி, வேதத்தில் வரும் ஒரு பெண்ணைப் பற்றிப் பேச வேண்டும். யாருக்கு யார் என்பதைச் சீட்டு முடிவு செய்யும். அந்த மாதம் சலவையக்காவுக்கு ஏவாள் விழுந்தாள்; மூத்த மகன் இளையவனைக் கொன்ற முதல் தாய்.

போதகரின் மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"அக்கா, இதை நான் எடுத்துக்கறேன். நீங்க வேற சீட்டு எடுங்க."

"எதுக்கு?"

"இல்ல... ஏவாள்னா, பிள்ளைங்க கதையும் வருமே."

"வரட்டும். நானே பேசறேன்."

பாட்டுக்குழுப் பெண் ஒருத்தி, இறுக்கத்தைத் தளர்த்த நினைத்து, "ஏவாளுக்கென்னக்கா, கொடுத்து வெச்சவ. மாமியாரே கிடையாது!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வரிசையில் இருந்த மருமகளும் சிரித்துவிட்டாள்.

மூன்று வாரம் சலவையக்கா வேதத்தின் முதல் நாலு அதிகாரங்களையே படித்தாள். ஒரு சாயங்காலம், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மருமகளிடம் கேட்டாள்.

"ஏவாளோட இளையவன் செத்த அன்னைக்கு அவ என்ன பண்ணான்னு எங்கயாவது போட்டிருக்கா?"

"இல்ல அத்தை. அழுதான்னுகூட இல்ல."

"மூத்தவனைப் போய்ப் பார்த்தாளான்னு?"

சிவப்புப் பேனா நின்றது. "அதுவும் இல்ல" என்று சொல்லிவிட்டு மருமகள் அடுத்த தாளைப் புரட்டினாள்.

கூட்டத்தன்று சலவையக்கா கையில் குறிப்பு எதுவும் இல்லாமல் எழுந்து நின்றாள்.

"எல்லாரும் பழத்தைப் பத்தியே பேசறோம். பழம் தின்னது ஒரு நாள். அதுக்கப்புறம் எத்தனையோ வருஷம் வாழ்ந்திருக்கா. வலி இப்படித்தான் இருக்கும்னு சொல்றதுக்கு அவளுக்கு ஒரு அம்மா இல்ல. செத்துப்போனா இப்படித்தான் இருப்பாங்கன்னும் அவளுக்குத் தெரியாது. அதுக்கு முன்னால மனுஷன் யாரும் செத்ததில்லையே. தூங்கறான்னு நெனச்சு எழுப்பிப் பார்த்திருப்பா."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஒருத்தன் மண்ணுக்குள்ள போனான். இன்னொருத்தன் ஊரை விட்டுப் போனான். கொன்னவன்கிட்ட ஆண்டவரே வந்து பேசினார். அவனை யாரும் கொன்னுடக் கூடாதுன்னு அடையாளமும் போட்டு அனுப்பினார். பெத்தவ பேசினாளான்னு மட்டும் எழுதல. நான் தேடிப் பார்த்துட்டேன்."

உட்கார்ந்துவிட்டாள். யாரும் ஆமென் சொல்லவில்லை. போதகரின் மனைவி முடிவுப் பாட்டைத் தொடங்க மறந்துபோனாள்.

வீட்டுக்கு நடக்கும்போது மருமகள்தான் ஆரம்பித்தாள்.

"போகப் போறீங்களா?"

"போகணும்னு இருக்கு."

வீட்டு வாசலில் மருமகள் நின்றாள்.

"போங்க அத்தை. வந்து என்கிட்ட எதுவும் சொல்லாதீங்க. நல்லா இருக்கான்னும் வேணாம், நொந்து போயிட்டான்னும் வேணாம்."

"சரிம்மா."

சிறையில் பார்வையாளர் அறைக்கு நடுவே கம்பிவலை. அதற்கு அந்தப் பக்கம் வந்து நின்றவனுக்குக் காதோரம் நரைத்திருந்தது.

"ஏம்மா வந்தே?" என்றான். பிறகு, குரல் இறங்கி, "மன்னிச்சுட்டியா?"

"அதைச் சொல்ல வரல. உன்னைப் பார்க்கணும்னு தோணிச்சு, வந்தேன்."

அவன் வலையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் அழவில்லை. அவன் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "வேலை ஏதாவது தராங்களா?" என்று கேட்டாள். தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பதாகச் சொன்னான். பழைய மோட்டாராம், வாரம் ஒரு தடவை மக்கர் பண்ணுமாம். அதைப் பற்றியே கொஞ்ச நேரம் பேசினார்கள்.

"தம்பி பொண்டாட்டி..." என்று இழுத்தான்.

"அவளைப் பத்திக் கேக்காதே. அதைக் கேக்க உனக்கு உரிமை இல்ல."

அவன் தலையாட்டினான். மணி அடித்தது.

அதிலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை அவள் போய்வந்தாள். அந்தச் சனிக்கிழமைகளில் மருமகள், அவள் கிளம்புவதைப் பார்க்க வேண்டாமென்று, முன்னதாகவே எங்காவது வெளியே போய்விடுவாள். ஐந்தாம் மாதம் மட்டும் வீட்டிலேயே இருந்தாள். சலவையக்கா செருப்பைத் தேடிக்கொண்டு அங்கும் இங்கும் நடப்பதைப் பார்த்து, விடைத்தாளிலிருந்து தலை தூக்காமல், "பஸ் போயிடும் அத்தை" என்றாள்.