திங்கட்கிழமை முகம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் தனியார் பேருந்து ஒன்றின் ஓட்டுநர் ஆசீர்வாதம். வாரத்தில் ஆறு நாள் அவருக்கு மனித முகம்தான். திங்கட்கிழமை மட்டும் செம்பருத்தி. காலை ஆறு மணிக்குக் கன்னம் சிவக்கும், காது சூடேறும், கண் கலங்கும், மூக்கு ஒழுகும். தலைக்குள் யாரோ உரல் போட்டு இடிப்பார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் ஒன்றுமே நடக்காததுபோல அடங்கிவிடும்.

ஞாயிறு விடுமுறை, திங்கள் கண் சிவப்பு. ஊர் இதற்கு ஒரே விடைதான் போடும்.

"இன்னாண்ணே, பாதிரியாரு பூசை ஒயின் கிண்ணத்த உங்கைல குடுத்துட்டு மறந்துட்டாரா?" என்பான் நடத்துநர் பச்சமுத்து. ஆசீர்வாதமோ சோடா குடித்தாலே மூக்கில் ஏறி அரைமணி நேரம் அவதிப்படும் ஆள். இந்த வீரத்தை வைத்துக்கொண்டு எங்கே போய்க் குடிப்பது?

பேருந்து முதலாளி அப்துல் ஜப்பார் சிரிக்கவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் நாற்பது உயிர்கள் அவர் பேரைச் சொல்லித்தான் ஏறுகின்றன. ஊதிப் பார்க்கும் மிஷின் ஒன்றை வாங்கிவந்து நீட்டினார். பூஜ்யம் காட்டியது.

"மிஷினு புதுசு, உன் மூஞ்சி பழசு. நான் எத நம்புறது ஆசீர்வாதம்? இன்னா சீக்குன்னு டாக்டர் சொல்லட்டும். அதுவரிக்கும் சாவி என்கிட்ட இருக்கட்டும்."

பதினேழு வருடம் மலை ஏற்றிய மனிதர் ஷெட்டில் டயருக்குக் காற்றுப் பார்க்க உட்கார்ந்தார். போகிற வருகிறவர்கள் எல்லாம் அவர் பேச்சை விட்டுவிட்டு மூச்சை மோந்தார்கள்.

பாயிஸா டாக்டர் ரத்தமெல்லாம் எடுத்துப் பார்த்தார். அலர்ஜி என்று ஒன்றும் சிக்கவில்லை. தைராய்டு, ரத்த அழுத்தம், எல்லாம் சாது.

"ஹிஸ்டமின்னு ஒண்ணு இருக்குங்க. நம்ம ஒடம்புலயும் இருக்கும், சில சாப்பாட்டுலயும் இருக்கும். சாப்பாட்டுல வர்றத ஒடைச்சு வெளிய தள்றது குடலோட வேல. சிலருக்கு அது மெதுவா நடக்கும். சேந்துபோனா இப்படி சிவக்கலாம்."

"ஏறுற ஆளு ஜாஸ்தி, எறங்குற ஆளு கம்மி," என்றார் ஆசீர்வாதம். "படிக்கட்டுல தொங்குது."

"அப்படியே வச்சுக்குங்க. ஆனா அதுதான்னு ஒரே டெஸ்ட்ல அடிச்சுச் சொல்ல முடியாது. ரெண்டு வாரம் தின்றத எல்லாம் எழுதுங்க. எப்ப சிவந்துச்சோ அதையும் எழுதுங்க."

எழுதினார். அப்படியொரு புனிதமான நோட்டு அந்த ஊரில் எழுதப்பட்டதே இல்லை. திங்கட்கிழமை: காலை இட்லி நாலு, ஆறு மணிக்குச் சிவப்பு.

"இட்லிக்குச் சிவக்கிற ஆள நான் பாத்ததே இல்லையே," என்று டாக்டர் பக்கத்தைத் திருப்பினார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ரீத்தா எட்டிப் பார்த்தாள். "டாக்டர், ஞாயித்துக்கெழம மத்தியானம் நான் மீன் கொழம்பு வெக்கிறங்க. மறுநாள் எனக்குன்னு எடுத்து வெச்ச துண்டு ரெண்டு, விடிஞ்சா காணோம். பூன துன்னுதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"பூனைக்கு மூஞ்சி சிவக்குதாம்மா?"

ரீத்தா பக்கத்திலிருந்த இரண்டு கால் பூனையைத் திரும்பிப் பார்த்தாள். பூனை கூரையைப் பார்த்தது. விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, கரண்டிச் சத்தம் கேட்காமல் சோற்றில் குழம்பை ஊற்றித் தின்கிற விஷயத்தை டாக்டரிடம் எழுத்துமூலமாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

"ஞாயித்துக்கெழம சுடச்சுடத் தின்னா?"

"ஒண்ணும் ஆவலீங்க. ஆனா மீன் கொழம்பு மறுநாள்தானுங்களே கொழம்பு. ராவெல்லாம் சட்டியிலயே ஊறணும்."

"ஊற ஊற ருசி மட்டுமா ஏறுது? மீன் வெளிய கெடந்தா ஹிஸ்டமினும் ஏறும். திரும்ப சூடு பண்ணாலும் போவாது."

மூன்று வாரம் பழைய குழம்பு, கருவாடு, ஊறுகாய், தக்காளி எல்லாவற்றுக்கும் தடை. அன்றன்றைக்குச் சமைத்தது மட்டும். மூன்று திங்கட்கிழமையும் முகம் தன் சொந்தக் கறுப்பிலேயே இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தன. தக்காளி தேறியது. ஊறுகாயும் தேறியது. கருவாடு தோற்றது.

"ஒத்துக்காததை மட்டும் கொறைங்க, வாழ்நாளெல்லாம் பத்தியம் வேணாம்," என்றார் டாக்டர். சிவந்தால் போட அவர் எழுதிய மாத்திரை தூக்கக் கலக்கம் தராத வகைதான். ஆனாலும் ஓட்டுநர் என்பதால், முதலில் ஓட்டாத நாளில் போட்டுப் பார்க்கச் சொன்னார்.

கடைசிப் பரீட்சை பழைய மீன் குழம்பு. மாத்திரை போடாமல், கொஞ்சமாக, வண்டி தொடாத நாளில், மூச்சு இறுகினால் உடனே ஓடிவர வேண்டும் என்ற நிபந்தனையோடு டாக்டர் சம்மதித்தார். ஆஸ்பத்திரி ஆசீர்வாதத்தின் வீட்டுக்குப் பின்தெருதான்.

ரீத்தா சனிக்கிழமை குழம்பு வைத்தாள். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் ஆசீர்வாதம் முதலாளிக்குப் போன் போட்டார். "வூட்டுக்கு வாங்க மொதலாளி. டாக்டர் சொன்ன சீக்க நேர்லயே காட்டுறேன். அந்த மிஷினையும் எடுத்தாங்க."

அப்துல் ஜப்பார் வந்தார். ஒரே சட்டியிலிருந்து ரெண்டு பேருக்கும் விழுந்தது. முதலாளி ரெண்டாம் முறை சோறு கேட்டார். அரைமணி நேரத்தில் ஆசீர்வாதத்தின் காது சூடேறியது, கன்னம் பூத்தது, கண் கலங்கியது. ஊதினார். பூஜ்யம்.

முதலாளி மிஷினைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் ஆவலியே!"

"அதான் சீக்கு மொதலாளி. மீனு கெட்டிருந்தா ஒங்களுக்கும்ல சிவந்திருக்கணும்."

அப்துல் ஜப்பார் கொஞ்ச நேரம் விரலைச் சப்பிக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மனசுல வெச்சிக்காத. மல ரோடு, பயந்துட்டேன்." எழுந்தவர் வாசலில் நின்றார். "ஏம்மா ரீத்தா, கொழம்பு மீதி இருக்குதா?"

மறுநாள் முதல் டிரிப்பில் பச்சமுத்து எட்டிப் பார்த்தான். "இன்னாண்ணே, திங்கக்கெழம அதுவுமா கறுப்பா கீற?"

"விசில அட்றா."

இப்போதெல்லாம் ஆசீர்வாதத்தின் இருக்கைக்கு அடியில் திங்கள்தோறும் ஒரு தூக்குச்சட்டி போகிறது. முதல் நிறுத்தத்தில் முதலாளி வீட்டில் இறக்க வேண்டிய நேற்றைய குழம்பு. அந்த நிறுத்தம் வருவதற்குள் அதன் வாசனையைத் தாண்டுவதுதான் அவருக்குக் கடினமான வளைவு. மலை அப்புறம்தான்.