பெரட்டுப் படம்

ஐயாவு வீட்டுச் சுவரில் தொங்கும் படங்களில் ஒருவரும் பல்லைக் காட்டியதில்லை. அது அந்தக் குடும்பத்தின் மரியாதை. செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்தவர் அவர். விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டில் ஒரு தோள் சாய்ந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. தோட்டம் செம்பனைக்கு மாறி, அவர் புந்தோங்குக்குக் குடிவந்தும் அந்த முதுகு மட்டும் வளையவில்லை.

மகன் தனேஷின் கல்யாணத்தில்தான் வினை வந்தது. மண்டப வாசலில் வைக்கும் பெரிய குடும்பப் படத்தைத் தானே எடுத்துவிடுவதாகப் பெண்ணின் அப்பா, சிலிம் ரிவர் ஊர்க்காரர் இராமசாமி, குடும்ப வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டார். அவரிடம் பெரிய கேமரா உண்டு. மாப்பிள்ளை வீட்டு மானம் பெண் வீட்டுக் கேமராவுக்குள் போவதா?

"வாசலுக்கு எங்க வீட்டுப் படம்தான்" என்று ஐயாவு பதில் போட்டார். போட்ட பிறகுதான், தமக்குப் படமெடுக்கத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது.

தினம் ஒரு படம் எடுத்தால் கை பழகும் என்றான் தனேஷ். அதையே விரதமாகப் பிடித்துக்கொண்டு, எடுத்ததைத் தினமும் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுவதாக வாக்கும் கொடுத்துவிட்டு, கைப்பேசியோடு கிளம்பினார். முதலில் அகப்பட்டவர் முனைத் தேநீர்க் கடை அப்துல் நாசர்.

"நாசர், நேரா நில்லு. கைய கீழ போடு. மூச்சு விடாத!"

"அண்ணே, தே ஆறிப் போகுது லா."

குறி பார்த்தார். எல்லாம் ஒழுங்கானதும், "கலையலாம்!" என்று முழங்கிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். பெரட்டில் அப்படித்தான், கலையச் சொன்ன பிறகுதான் அவர் கை அசையும். படத்தில் விழுந்தது நாசரின் முதுகு.

மறுநாள் பூக்காரியின் கொண்டை. அதற்கடுத்து குருக்களின் பிடரி. வாக்குக் கொடுத்தவர் ஆயிற்றே, கூசாமல் எல்லாவற்றையும் காலையில் வாட்ஸ்அப்பில் போட்டார்.

"சம்பந்தி, புந்தோங்குல யாருக்கும் மூஞ்சி இல்லையா?" என்று கேட்டார் இராமசாமி.

மனைவி சரளாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, அந்த வார்த்தைய சொல்லாம அமுக்குங்களேன்."

"அப்புறம் முடிஞ்சிருச்சுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

ஆனாலும் ஒருநாள் விடவில்லை. வெயில் எந்தப் பக்கம் விழுந்தால் நல்லது, எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதெல்லாம் கைக்கு வந்தது. முதுகுகள் நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டே போயின.

படமெடுக்கும் நாளும் வந்தது. ஐயாவு வீட்டு முன்னே இரண்டு குடும்பமும் கூடியது. முதலில் இராமசாமி கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஒன்று, இரண்டு, மூன்று என்றார். அத்தனை பேரும் பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோல் விறைத்தார்கள்.

அடுத்து ஐயாவு. உயர வாரியாக நிறுத்தினார். சம்பந்தியின் வயிற்றையே உள்ளே இழுக்க வைத்தார். அந்த வார்த்தை வரக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டார். முதுகுகளின் ரகசியம் இரண்டு வீட்டுக்கும் தெரிந்திருந்ததால், வரிசையில் எல்லோரும் அதற்காகவே காத்திருந்தார்கள். ஆனால் அப்படி ஒரு வரிசையைக் கண்டு எத்தனை காலம் ஆயிற்று! நெஞ்சு நிறைந்து, தன்னை மறந்து முழங்கினார்:

"கலையலாம்!"

ஒருவரும் நகரவில்லை. வெடித்துச் சிரித்தார்கள். அவர் விரல் அழுத்தியது அப்போதுதான்.

படத்தைப் பார்த்தவருக்கு முகம் சிவந்தது. இராமசாமியின் வயிறு விட்டுவிடுதலையாகித் துள்ளியிருந்தது. மணப்பெண் சிரிப்போடு தனேஷின் தோளில் சாய்ந்திருந்தாள். எங்கு பார்த்தாலும் பல். அழித்துவிடலாம் என்று விரல் போனபோது சரளா எட்டிப் பார்த்தாள்.

"நான் இப்படியா சிரிக்கிறேன்?" என்றாள் மெதுவாக.

சுவரில் இருந்த எந்தப் படத்திலும் அந்தச் சிரிப்பு இல்லை. ஐயாவு விரலை எடுத்துக்கொண்டார்.

இராமசாமியும் வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தம் கேமராவுக்கு மூடியைப் போட்டார். "வாசலுக்கு இதான் சம்பந்தி. எப்படி இவ்வளவு சீக்கிரம் கத்துக்கிட்டீங்க?"

ஐயாவு முதுகை நிமிர்த்தினார்.

"தினம் ஒண்ணு எடுக்கணும் சம்பந்தி. மொதல்ல முதுகுல ஆரம்பிக்கணும்."