பவளப்பாறைக்கு மேல் ஒரு சாண்

நான் வாழ்நாள் முழுவதும் தராசு பழுது பார்த்தவன். அதனால் எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

என் மனைவி இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு பகலெல்லாம் ஊராருடைய பேச்சை இணைத்துவிடுவாள். சாயந்திரம் வீட்டுக்கு வந்து என் பேச்சைக் கேட்பாள். முதல் வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். இரண்டாவது வேலையில் அப்படி ஒரு ஏற்பாடே இல்லை என்பது அவளுக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"என்னங்க, எனக்கு ஒரு ஆசை. ஒரு தடவையாவது ஒருத்தர் பேச்சும் கேக்காத இடத்துல இருக்கணும்."

"காதுல பஞ்சு வெச்சுக்கோ."

"வெச்சுப் பாத்தாச்சு. உங்க வாய் அசையறது தெரியுதே."

இடத்தையும் அவளே பார்த்து வைத்திருந்தாள். நடுக்கடலில் ஒரு தீவு. கடை இல்லை, சாலை இல்லை, கரண்ட் இல்லை. கூரை வேய்ந்த குடில்கள் சில, குடிக்க மழைத்தண்ணீர். காற்று உருளையை முதுகில் மாட்டிக் கடலுக்கு அடியில் கூட்டிப்போகும் டீச்சரம்மா ஒருத்தி. வயதான காலத்தில் இவள் நீச்சல் குளத்துக்குப் போய்வந்தது மூட்டுவலிக்காக என்று நான் நினைத்திருந்தேன். இல்லையாம், இதற்காகத்தானாம். எனக்கு அந்தக் கவலை இல்லை. பிறப்பதற்கு முன்பே எனக்கு நீச்சல் தெரியும். எல்லாருக்கும்தான் தெரியும். மற்றவர்கள் வெளியே வந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

"அடுத்த வருஷம் எனக்கு எழுபது முடியுது. அதுக்கு மேல புதுசா வர்றவங்களைத் தண்ணிக்குள்ள இறக்க மாட்டாங்களாம். இந்த வருஷம் விட்டா அவ்வளவுதான்," என்றாள். "ஜோடியாத்தான் இறங்கணும்னும் சட்டம். வேற வழியில்லாம உங்களைக் கூப்பிடறேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அவள் குரலை உயர்த்தாமல் சொல்லும் விஷயங்களில் நான் விளையாடுவதில்லை.

அவளுடைய தம்பியை நாங்கள் 'அட்டவணை' என்போம். ரயில் நிலையத்தில் நேரம் எழுதிக்கொண்டிருந்தவன். தும்மல் வரும் முன்பே கைக்குட்டையைப் பிரித்து வைத்திருப்பவன். வாளித் தண்ணீரில் குளிக்கும்போதே ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொள்வான், அதனால் தீவுக்கு வரமாட்டான். ஆனால் திட்டம் என்று காதில் விழுந்தால் போதும், எங்கிருந்தாலும் வந்துவிடுவான். மறுநாள் காலையே வந்து என் பட்டறையில் கடை பரப்பினான். கொசுவலை, டார்ச், அந்த டார்ச் தொலைந்தால் தேடுவதற்கு இன்னொரு டார்ச், மடக்கு நாற்காலி, குக்கர், இஸ்திரிப் பெட்டி.

"இஸ்திரிப் பெட்டி எதுக்குடா? அங்க கரண்டே கிடையாது," என்றாள் அக்கா.

"அதான் கரிப்பெட்டியா பாத்துக் கொண்டாந்தேன்."

"அங்க எங்களை யாரு பாக்கப் போறா?"

"மீன் பாக்கும்லக்கா."

படகுக்காரரை ஃபோனில் பிடித்தேன். கரையில் ஒரே ஒரு பாறைமேல் ஏறி நின்றால்தான் அவருக்கு சிக்னல் வருமாம். அதனால் வார்த்தையைச் சில்லறை மாதிரி எண்ணித்தான் கொடுத்தார்.

"ஐயா, தீவைச் சுத்திப் பவளப்பாறை. அதுமேல ஒரு சாண் தண்ணிதான் நிக்கும். படகு கனத்தா அடி உரசும். உரசினா பவளம் உடையும். உடைஞ்சது வளர ஒரு தலைமுறை ஆகும். அதனால ஏறும்போது தராசு. ஜோடியா, பையோட நிக்கணும். சிவப்புக் கோட்டை முள் தாண்டினா படகு கிடையாது."

"தாண்டினா?"

"எதையாவது இறக்கி வைக்கலாம். இறக்க ஒண்ணும் இல்லேன்னா வீட்டுக்குப் போகலாம். அப்புறம், வரும்போதும் நிறுப்பேன்."

"வரும்போது எதுக்கு தம்பி?"

"போன எடைக்கு மேல காட்டினா பையைக் கொட்டிப் பாப்பேன். சிப்பி, பவளம், ஒரு பிடி மணல்கூட தீவை விட்டு வரக்கூடாது."

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. தராசை நம்பும் ஆட்கள் குறைந்துவருகிறார்கள். கோடு எந்த எடையில் என்று கேட்டுக்கொண்டு, பட்டறையில் இருந்த மேடைத் தராசில் அதே இடத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தேன்.

நானும் மனைவியும் பையோடு ஏறி நின்றோம். முள் கோட்டைத் தாண்டி ஊர் எல்லைக்கே போய்விட்டது. நாற்காலி போனது. குக்கர் போனது. இஸ்திரிப் பெட்டியை அட்டவணை கண்கலங்க வாங்கிக்கொண்டான். கடைசியில் பையில் மாற்றுத்துணியும் ஆளுக்கொரு துண்டும்தான் மிச்சம். அப்போதும் முள் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நின்றது.

மனைவி தன் துண்டை எடுத்து வெளியே வைத்தாள். அதைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. அவளைச் சிரிக்க வைக்கலாமென்று, நின்ற இடத்திலேயே நகைக்கடைத் தராசு கதையை ஆரம்பித்தேன்.

"உனக்கு ஞாபகம் இருக்கா? ஒரு நகைக்கடையில தராசு கூடக் காட்டுதுன்னு கூப்பிட்டாங்க. போய்ப் பாத்தா தட்டுல ஒரு ஈ. தராசு அவ்வளவு நுணுக்கம். ஈ உக்காந்தா ஒரு எடை, ஈ யோசிச்சா ஒரு எடை..."

"மாமா, நிறுத்துங்க!" என்று கத்தினான் அட்டவணை. "முள் ஏறுது!"

நிறுத்தினேன். முள்ளும் நின்றது. வாயைத் திறந்தேன். முள் நகர்ந்தது. தராசைப் பிரித்துப் போட்டுச் சுருள்கம்பி முதல் திருகாணி வரை துடைத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. என் கைபட்ட தராசில் குறை இருந்தால்தான் அதிசயம்.

மனைவி முள்ளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னையிலேர்ந்து கிளம்பற வரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

"ஒரே ஒரு..."

"கூடாதுன்னா கூடாது."

நான் பேசவில்லை. தெரு தாங்கவில்லை. பக்கத்துத் தையல்காரர், எனக்கு வாய் இழுத்துக்கொண்டது என்று நினைத்து ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். கதை கேட்பதற்காகவே நல்ல தராசைக் கெடுத்து எடுத்துவரும் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், அவர்கள் தராசெல்லாம் தானாகச் சரியாகிவிட்டது. சொல்லாத கதைகள் தொண்டையில் வரிசை கட்டி நின்றதில் சட்டைக் காலர் இறுகியது. சவரம் செய்யும்போது கத்தி அந்த வரிசைமேல் தட்டிக்கொண்டு போகும்.

ஆனால் சாயந்திரந்தோறும் ஜோடியாக ஏறி நின்றால் முள் ஒரு மயிரிழை இறங்கியிருக்கும்.

"பேசாத வாய் பாதிதான் சாப்பிடும். அதான்," என்றான் அட்டவணை. அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். சரியான காரணமா என்பது வேறு கதை.

கிளம்புகிற நாளில் முள் கோட்டுக்குக் கீழே வந்து, உட்கார்ந்த பூனை மாதிரி அசையாமல் நின்றது. மனைவி தன் துண்டை மறுபடி பைக்குள் வைத்தாள். அப்போதும் கோட்டைத் தொடவில்லை. அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் வாயைப் பூட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். கடல் நெருங்க நெருங்க அவள் கை சேலை நுனியை முறுக்க ஆரம்பித்தது. காற்றில் உப்பு வாசனை வந்ததும் சொன்னாள்.

"பயமா இருக்குங்க."

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"அவ்வளவு தண்ணி தலைக்கு மேல நிக்கும்ல? மூச்சு முட்டிட்டா என்ன பண்றது? எதாவது சொல்லுங்களேன்."

கோட்டை நினைத்தேன். பிறகு அவள் கையைப் பார்த்தேன். ஒரு கதை சொன்னேன். ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அத்தனை நாள் அடைத்த மதகு அளந்தா திறக்கும்? ரயில் நிற்கும்வரை சொன்னேன். முறுக்கிய சேலை நுனி தானாகப் பிரிந்தது. கடைசிக் கதைக்கு முன்னால் அவள் தூங்கியே போய்விட்டாள்.

கரையில் படகுக்காரர் காத்திருந்தார். எங்களைவிடப் பழைய மேடைத் தராசு ஒன்று மணலில் நின்றது. ஏறினோம். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது, தாண்டியது, நின்றது.

"கூட இருக்கே," என்றார் படகுக்காரர்.

நான் என் துண்டை எடுத்தேன். மாற்றுத்துணியை எடுத்தேன். செருப்பைக் கழற்றினேன். அப்போதும் முள் கோட்டுக்குள் வரவில்லை. அவர் எங்களைத் தனித்தனியாக நிற்கச் சொன்னார். நான் புறப்பட்டபோது இருந்த அதே எடை. அவள்தான் கூடியிருந்தாள். ஊதினால் பறக்கிற உடம்பு அவளுக்கு.

"ரயில்ல என்னம்மா சாப்பிட்டீங்க?"

"தண்ணிகூடக் குடிக்கல தம்பி." அவள் என்னை மெல்லத் திரும்பிப் பார்த்தாள். "இவர் சொன்னதைக் கேட்டேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்கிறவன் இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுகிறான். கேட்கிறவள் எங்கே வைப்பாள்?

எங்களை விட்டுவிட்டுக் கிளம்ப, படகுக்காரர் கயிற்றை அவிழ்க்கப் போனார். தராசின் பக்கவாட்டில் திருகாணி தெரிந்தது. எனக்குத் தெரியாத திருகாணியா? சுண்டுவிரல் நகத்தால் கால் திருப்பு திருப்பினால் முள் கோட்டுக்குள் வந்து படுத்துக்கொள்ளும். விரலை நீட்டினேன்.

"தொடாதீங்க," என்றாள். "தராசை ஏமாத்திடுவீங்க. பாறையை ஏமாத்த முடியுமா?"

விரலை மடக்கிக்கொண்டேன். அடுத்த வருஷம் அவளுக்கு எழுபது. கடல் பத்தடியில் பச்சையாகக் கிடந்தது. அவள் தராசிலிருந்து இறங்கவில்லை. படகுக்காரரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, ஒரு நிமிஷம் இங்க வாங்களேன். இவர் ஒரு தடவை நகைக்கடைக்குத் தராசு பாக்கப் போனாரு. தட்டுல ஒரு ஈ உக்காந்திருக்கு..."

முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல் சொன்னாள். எக்ஸ்சேஞ்சில் 'லைனில் இருங்கள்' என்று சொல்லும் அதே குரல். ஈ உட்கார்ந்த எடை, ஈ யோசித்த எடை எல்லாம் வந்தது. என் கதையில் நான் ஈயை விரட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். அவள் விரட்டவில்லை.

"'என்ன யோசிக்கற?'ன்னு அந்த ஈகிட்டயே கேட்டாராம். அது சொல்லுச்சாம், 'முதல்ல கடைக்காரர் கட்டைவிரலை எடுக்கட்டும், அப்புறம் நான் எழுந்துக்கறேன்'னு."

சொல்லும்போது என் சுண்டுவிரலைப் பார்த்தாள். படகுக்காரர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் முள் ஆடி, இறங்கி, அவள் வழக்கமான எடையில் போய் நின்றது. ஜோடியாக ஏறினோம். முள் கோட்டுக்குக் கீழே நின்றது, என் துண்டும் செருப்பும் சேர்த்துத்தான்.

பாறைக்கு மேல் படகு போனபோது மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அடியில் பவளம் ஒரு சாண் தள்ளிக் கடந்துபோனது. ஒரு கீறல் சத்தம்கூட இல்லை.

மறுநாள் டீச்சரம்மா எங்களைக் கைகோத்துக் கீழே கூட்டிப்போனாள். நீலம்தான் எங்கும். ஒரு பெரிய மீன் வந்து என் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தது. சொல்வதற்கு அதனிடமும் நிறைய இருந்தது. அதன் வீட்டிலும் தடை போலிருக்கிறது, திரும்பிப் போய்விட்டது. மனைவி என் கையை விடாமல் வெகுநேரம் அசையாமல் மிதந்தாள்.

மேலே வந்து கண்ணாடியைக் கழற்றினாள்.

"யாரும் பேசலைங்க. மூச்சு மட்டும் கேட்டுச்சு. ரெண்டு மூச்சு."

தினமும் இறங்கினோம். தினமும் கரையேறித் துண்டைக் காயப்போட்டதும், "எங்க, ஒண்ணு சொல்லுங்க," என்று அவளே கேட்டாள். நான் என்ன செய்வேன்?

திரும்பி வந்த அன்று கரையில் படகுக்காரர் எங்களைத் தராசில் ஏற்றினார். முள்ளைப் பார்த்தார். போன எடைக்கு மேல். பையை வாங்கிக் கவிழ்த்தார். மாற்றுத்துணி விழுந்தது, இரண்டு துண்டு விழுந்தது. உதறினார். துண்டிலிருந்து நாலு மணல்துகள் உதிர்ந்தது. அதைப் பொறுக்கிக் கடலில் போட்டுவிட்டு மறுபடி முள்ளைப் பார்த்தார். அது இருந்த இடத்திலேயே இருந்தது.

"என்னம்மா எடுத்துட்டு வந்தீங்க தீவுலேர்ந்து?"

என் மனைவி தராசிலிருந்து இறங்காமல், பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த தோணியைக் கையால் காட்டினாள்.

"உக்காருங்க தம்பி. இறக்கி வெச்சுட்டே போறேன்."

அவர் படகை இழுத்துக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.