மீதி ஐந்து

செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் சுகந்தியின் மருத்துவமனைக்கு ஓர் ஐந்து வந்தது. வரவேற்பு மேசையில் டோக்கன் வாங்கிக்கொண்டது. எண் பதினேழு. காத்திருப்போர் கூடத்தில் இடது காலை நீட்டி உட்கார்ந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அது விளையாட்டுக்காரர்களுக்கும் மேடைக் கலைஞர்களுக்குமான மருத்துவமனை. இரண்டாவது மாடி. வருகிற எல்லோரிடமும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். வலி எவ்வளவு? வலியே இல்லையென்றால் பூஜ்யம். தாங்கவே முடியாதென்றால் பத்து. சொல்கிற எண்ணை ஃபாரத்தில் எழுதிக்கொள்வார்கள்.

அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது என்பது சுகந்திக்குத் தெரியும். கபடி ஆடுகிறவர் ஒன்பது என்றால் அது ஆறு. அணித் தேர்வுக்கு முந்தின வாரம் வேகப்பந்து வீச்சாளர் சொல்லும் இரண்டு, உண்மையில் ஐந்து. மிருதங்கக்காரர்கள் எண்ணே சொல்ல மாட்டார்கள். "இருக்கு" என்பார்கள். அது ஏழு. பரதநாட்டியம் ஆடுகிறவர் மூன்று என்றால் எட்டு. சிரித்துக்கொண்டே சொன்னால் சந்தேகமே வேண்டாம். சின்ன வயதிலிருந்து முட்டியை மடக்கி அரைமண்டியில் நின்று, முகத்தில் எதுவும் காட்டாமல் பழகியவர்கள். இந்தப் பட்டியலைத் தயாரித்ததே சுகந்திதான். ஒரு மாநாட்டில் அதைப் படித்தாள். பொன்னாடை போர்த்தினார்கள்.

வரவேற்பைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டெல்லா அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"டாக்டர், வெளியில ஒரு அஞ்சு உக்காந்திருக்கு."

"யாரோட அஞ்சு?"

"கேட்டேன். உங்களுக்கே தெரியும்ங்குது."

"ஸ்கேன் எடுத்துட்டு வரச் சொல்லு."

"சொன்னேன். அதுக்கு உள்ள ஒண்ணுமே இல்லையாம். வெறும் அஞ்சுதானாம்."

சுகந்தி கதவிடுக்கில் பார்த்தாள். நடுத்தர உயரம். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. முகத்தில் சிரிப்பு இல்லை. மூன்று என்று சொன்னபோதே சிரிப்பெல்லாம் அந்த மூன்றோடு போயிருக்கும். இது நாட்டியக்காரி மிருதுளா சொல்லாமல் விட்டது. எட்டில் மூன்று போக மீதி.

இரண்டு வருடத்துக்கு முன் மிருதுளா இடது முட்டிக்காக வந்தாள். மூன்று என்றாள். சிரித்தாள். அன்று காலைதான் சபா செயலாளர் போனில் பேசியிருந்தார். "பத்திரிகை அடிச்சாச்சு டாக்டர். பொண்ண எப்படியாவது மேடையேத்திடுங்க." சுகந்தியின் பேனா மூன்று என்று எழுதியது. முட்டி மரத்துப்போக ஊசி போட்டாள். ஆடலாம் என்று சான்றிதழில் கையெழுத்திட்டாள். சாயங்காலம் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். நிகழ்ச்சியின் நீண்ட உருப்படியான வர்ணத்தின் நடுவில், ஒரு குதிப்பில், மரத்துப்போன முட்டிக்குள் குருத்தெலும்பு கிழிந்தது. மிருதுளாவுக்குத் தெரியவில்லை. தொடர்ந்து ஆடினாள். சுகந்திக்குத் தெரிந்தது. கால் விழுந்த விதத்திலேயே தெரிந்தது. எழுந்து நிறுத்தியிருக்கலாம். அரங்கமே தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவளும் தொடையில் தாளம் போட்டாள்.

அதற்குப் பிறகு மிருதுளா ஆடவில்லை.

ஐந்து உள்ளே வந்தது.

"உட்காருங்க. எங்க வலிக்குது?"

"எனக்கு வலிக்காது. நான்தான் வலி."

"சரி. இவ்வளவு நாளா எங்க இருந்தீங்க?"

"இங்கதான். எக்ஸ்ரே ரூம் வாசல்ல. தினமும் என்னத் தாண்டித்தான் போவீங்க. பொங்கலுக்கு மறுநாள் குட் மார்னிங் சொன்னீங்க."

சுகந்திக்கு நினைவு வந்தது. யாரோ நோயாளியின் கணவர் என்று நினைத்திருந்தாள்.

"என்ன வேணும்?"

"என்னை ஃபாரத்துல எழுதணும்."

"நோயாளி இல்லாம எழுத முடியாது."

"வர்றாங்க. டோக்கன் பதினெட்டு."

சுகந்தி வாசலுக்கு வந்தாள். நடைகூடத்தின் அந்தக் கோடியில் மிருதுளா கைத்தடியோடு வந்துகொண்டிருந்தாள். பதினைந்து அடி தூரம். இன்னும் கொஞ்சம் நேரமாகட்டும் என்று சுகந்தி நினைத்தாள். நடைகூடம் நீண்டது. இன்றைக்கு வேண்டாம் என்று நினைத்தாள். இன்னும் நீண்டது. டியூப் லைட்டுகள் ஒவ்வொன்றாகக் கூடின. மிருதுளா நடந்துகொண்டே இருந்தாள். ஒரு வேகப்பந்து வீச்சாளர் முழு வேகத்தில் அவளைத் தாண்டி ஓடினார். பந்தை விடுவதற்கான கோடு இன்னும் வரவில்லை போலிருந்தது.

"டாக்டர், கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள் ஸ்டெல்லா. "தண்ணி கேன்காரர் நேத்துலேருந்து வந்துட்டே இருக்காரு."

"நான் ஒண்ணும் பண்ணலையே."

"போன வருஷமும் இப்படித்தான் சொன்னீங்க."

சுகந்திக்கு வெட்கமாக இருந்தது. நடைகூடத்தில் இறங்கினாள். மூன்றே எட்டில் மிருதுளா எதிரே நின்றாள்.

கையில் ஒரு பையில் சாத்துக்குடி இருந்தது. அதை நீட்டினாள். அறைக்குள் வந்து உட்கார்ந்தாள். ஐந்து சுவரோரமாக நின்றது. மிருதுளா அதைப் பார்க்கவில்லை.

"மன்னிப்புக் கேக்க வந்தேன் டாக்டர்."

"நீயா?"

"அன்னைக்கு மூணுன்னு பொய் சொன்னேன். நிஜமா உயிரு போச்சு. உங்ககிட்டயே மறைச்சுட்டேன். டாக்டர் ஒழுங்காத்தானே கேட்டாங்க, வாயத் தொறந்து சொல்றதுக்கென்னன்னு அம்மா இன்னிக்கும் கேக்கறாங்க. என்ன பதில் சொல்றது? என் தப்புதானே. உங்களுக்கும் கெட்ட பேரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அதே சிரிப்பு.

சுகந்தி மேசைக் கண்ணாடியைப் பார்த்தாள். அதற்கடியில் அவள் தயாரித்த பட்டியல் இருந்தது. அதன்மேல் சாத்துக்குடிப் பையை நகர்த்தி வைத்தாள்.

"நடந்தது நடந்துபோச்சும்மா" என்றாள்.

சுவரோரம் நின்ற ஐந்து, ஆறாயிற்று. அதன் சட்டையில் ஒரு பொத்தான் தெறித்தது.

"உனக்கு இன்னும் வயசிருக்கு."

ஏழாயிற்று. தலை மின்விசிறியைத் தொட்டது.

ஸ்டெல்லா கதவைத் தட்டாமலே வந்தாள். "டாக்டர், ஏற்கெனவே எழுதின மூணோட சேத்தா இப்பவே பத்து. அதுக்கு மேல நம்ம ஃபாரத்துல கட்டம் இல்ல. பாத்துப் பேசுங்க." போய்விட்டாள்.

இந்தப் பெண் தன்னை நம்பி இரண்டு வருடம் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள். இன்னும் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் ஆயுசுக்கும் திட்டிக்கொள்வாள். பழங்களை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம். எளிது. எவ்வளவு எளிது என்பதுதான் பயமாக இருந்தது.

"எட்டுன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

மிருதுளா நிமிர்ந்தாள். "என்னது?"

"நீ மூணுன்னு சொன்னா எட்டு. அப்பவே தெரியும். உன்ன மாதிரி எத்தனையோ பேரப் பாத்தவ நான். தெரிஞ்சுதான் மூணுன்னு எழுதினேன்."

"ஏன்?"

"பத்திரிகை அடிச்சுட்டாங்க." அது போதவில்லை. "உன் வர்ணத்தப் பாக்கணும்னு எனக்கும் ஆசையா இருந்துது."

சுவரோரம் இருந்தது மறுபடி ஐந்தாயிற்று. பொத்தானைக் குனிந்து தேடி எடுத்துக்கொண்டது.

மிருதுளா கேட்டாள். "ஊசி போடறப்ப என் கையப் பிடிச்சுக்கிட்டீங்களே."

"ஆமா."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சே."

மிருதுளாவின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. அது இல்லாத அவள் முகத்தை சுகந்தி பார்த்ததே இல்லை. வேறொரு ஆள் போலிருந்தாள். வயதானவள். அவள் மெல்லத் திரும்பி, சுவரோரம் நின்றதைப் பார்த்தாள். அதுவும் அவளைப் பார்த்தது.

"இதா?"

"இதுதான்" என்றாள் சுகந்தி.

"அது என்கிட்டயே இருக்கட்டும் மிருதுளா. நான் வெச்சுக்கறேன்" என்று அவளே சேர்த்தாள்.

"உங்களுதா?"

"இல்ல."

"அப்புறம்?"

மிருதுளா எழுந்து ஐந்தின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரரை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிப்போவதுபோல இருந்தது. கைத்தடியை நாற்காலியிலேயே விட்டுவிட்டாள்.

"லிஃப்ட் இருக்கும்மா" என்றாள் சுகந்தி.

"படியிலயே போறேன். இது எப்படி இருக்கும்னே நான் இன்னும் பாக்கல."

முதல் படியில் கால் வைத்ததும் மிருதுளா கத்தினாள். அடிவயிற்றிலிருந்து வந்தது. கூடத்தில் பேச்சு நின்றது. தோளில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்த நீச்சல்காரர் ஐஸைக் கீழே வைத்தார். இரண்டாவது படிக்கும் கத்தினாள். மூன்றாவது படியில் சுகந்தியின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். டாக்டர் என்று சேர்க்கவில்லை.

சுகந்தி படிக்கட்டின் மேல்முனையில் நின்றாள். காதைப் பொத்திக்கொள்ளக் கை எழுந்தது. இறக்கிக்கொண்டாள்.

"அடுத்தவர அனுப்பவா?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

"இரு. இன்னும் படி இருக்கு."

இரண்டு மாடிக்கு நாற்பத்து நான்கு படிகள். மத்தியானம் ஸ்டெல்லா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது மிருதுளா எழுபதாவது படியில் இருந்தாள். எண்பத்தேழாவது படியில் சத்தம் நின்றது. மூச்சு வாங்குவது கேட்டது. சுகந்தியும் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

பிறகு அடுத்த படி.