நான்காம் பாடத்தின் இடைவெளிகள்

1997ஆம் ஆண்டு வைகாசி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியளவில், வெள்ளவத்தையில் கடற்பக்கத்து லேன் ஒன்றின் மாடியறையில், ஆங்கிலம் பழகும் கசெட் ஒன்றின் நான்காம் பாடத்துக்குள் சிவபாதசுந்தரத்தின் குரல் கேட்டது. அவர் காணாமற்போய் அப்போது ஒன்பது வாரங்கள் ஆகியிருந்தன. அந்தக் கசெட்டில் ஒரு வெள்ளைக்காரர் ஒரு வசனத்தைச் சொல்வார். கேட்பவர் அதைத் திருப்பிச் சொல்வதற்காக எட்டு விநாடி வெறுமையாக விடப்பட்டிருக்கும். பிறகு அடுத்த வசனம் வரும். அந்த எட்டு விநாடிக்குள்தான் சிவபாதசுந்தரம் பேசினார். வெள்ளைக்காரர் “வுட் யூ லைக் எ கப் ஒஃப் கொஃபி” என்றார். சிவபாதசுந்தரம் அதையே திருப்பிச் சொன்னார், கடைசிச் சொல்லை மட்டும் கோப்பி என்றார். வீடு சத்தமில்லாமல் கிடப்பது பொறுக்காமல் கசெட்டைப் போட்டுவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்த அவருடைய மனைவி பத்மாவதி, ஈரக்கையோடு வந்து நிறுத்தி, பின்னால் ஓடவிட்டு, மறுபடி கேட்டாள். மறுபடியும் கோப்பி.

இருவரும் முந்தின ஆண்டுதான் யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வழியாகக் கொழும்புக்கு வந்தவர்கள். சிவபாதசுந்தரம் ஒரு பாடசாலையின் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவர், நாற்பத்தொரு வயது, பிள்ளைகள் இல்லை. வெளிநாட்டில் இருந்த அவருடைய தமையன் இவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தார். நேர்முகம் ஆங்கிலத்தில் நடக்கும் என்று தூதரகம் எழுதியிருந்ததால், வாரத்தில் மூன்று நாள் மட்டக்குளி பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு, நோபேட் சேர் நடத்திய வகுப்புக்குப் போனார்கள். கசெட்டைக் கொடுத்தவரும் அவர்தான். பத்மாவதிக்கு நாக்கு வளைந்தது. சிவபாதசுந்தரத்தின் வாயில் எஃப் எழுத்து நிற்கவேயில்லை. கீழுதட்டை மெல்லக் கடித்துக் காற்றை விடும்படி நோபேட் சேர் சொன்னார். கண்ணாடி முன் நின்று கடித்துக் கடித்து உதடு வீங்கியதுதான் மிச்சம். “உமக்கு வருது. எனக்கேன் பத்மா வருதில்லை?” என்று கேட்பார். “நீங்கள் வாயைத் திறக்க முந்தியே பயப்பிடுறியள்” என்பாள் அவள். பங்குனி மாதத்து மத்தியானம் ஒன்றில், ரெக்கோடருக்குப் பற்றரி வாங்கப் போனவரைப் பாலத்தடிச் சோதனைச்சாவடியில் மறித்தார்கள். சிங்களத்தில் கேட்ட கேள்விக்கு, சிங்களம் தெரியாத அவர், கசெட்டின் ராகத்திலேயே ஆங்கிலத்தில் விடை சொன்னாராம். மறித்தவர்களில் ஒருவன் சிரித்தான், மற்றவன் சிரிக்கவில்லை. வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இதைப் பார்த்துச் சொன்னவர் அங்கே பூ விற்பவர். இரண்டாம் முறை கேட்டபோது தான் ஒன்றும் பார்க்கவில்லை என்றார்.

பத்மாவதி ரெக்கோடரைத் துவாயில் சுற்றிப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனாள். பொறுப்பதிகாரி அதை மேசையில் வைத்துக் கேட்டார். குரல் எல்லோருக்கும் கேட்டது; அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. “நோனா, மேக்க இங்கிரீசி பாடமக் நே” என்றார் அவர், இது இங்கிலீஷ் பாடம்தானே அம்மா என்று. இது தன் கணவருடைய குரல் என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். அதிகாரி மறுக்கவில்லை. ஆனால் தன்னைப் பிடித்திருக்கிறார்கள் என்று அந்தக் குரல் ஓரிடத்திலும் சொல்லவில்லையே, கோப்பி வேண்டுமா என்றுதானே கேட்கிறது, அதை எந்தப் புத்தகத்தில் பதிவது என்று உண்மையான குழப்பத்தோடு கேட்டார். மனித உரிமை அலுவலகத்தில் பிரதி எடுத்துத் தரச் சொன்னார்கள். பிரதியில் வெள்ளைக்காரர் மட்டுமே இருந்தார்.

நோபேட் சேர் மூன்று முறை கேட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரேயொரு வழியைச் சொன்னார். “தங்கச்சி, சொல்லை விடுங்க. பின்னால என்ன சத்தம் எண்டு எழுதுங்க. யார் பேசுறது, எங்க நிண்டு பேசுறது, பக்கத்தில எத்தனை பேர்.” வகுப்பில் எல்லாருக்கும் கொடுக்கும் பயிற்சிதான் அது. பத்மாவதி பயிற்சிக் கொப்பி ஒன்று வாங்கிக் கோடு போட்டு எழுதத் தொடங்கினாள். முதல் மாதம் குரலுக்குப் பின்னால் ரயில் பெட்டிகளை இடித்துக் கோக்கும் சத்தம் இருந்தது. சேரும் அவளும் தெமட்டகொடைக்குப் போய், ரயில் முற்றத்து மதிலோரம் குடை பிடித்து நடந்தார்கள். அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று காவற்காரர் சொன்னார். திரும்பி வந்து கேட்டபோது ரயில் இல்லை. பாரந்தூக்கி உறுமியது, இரும்புப் பெட்டி இரும்பில் இறங்கியது. கப்பற்பெட்டிகள் அடுக்கிவைக்கும் ஒருகொடவத்தைக்குப் போனார்கள். மறுநாள் கசெட்டில் அலைச் சத்தம் கேட்டது. கொழும்பின் ஒரு பக்கம் முழுவதும் கடல்தான். அந்த இடைவெளிகளுக்குள் அவளும் பேசிப் பார்த்தாள், எங்கே இருக்கிறீர்கள், சாப்பாடு தருகிறார்களா என்று. அவர் வசனத்தை மட்டும் சொன்னார். ஒருமுறை அவள் உரத்துக் கத்தியபோது ஒரு இருமல் கேட்டது. அந்த ஆண்டு வகுப்புச் சோதனையில், கேட்டு விளங்கிக்கொள்ளும் பகுதியில் பத்மாவதி முதலாவதாக வந்தாள்.

செய்தி பரவி, பிள்ளைகளைத் தேடும் பெண்கள் வரத் தொடங்கினார்கள். மட்டக்குளியிலிருந்து சீனியம்மா என்றொருவர் வந்தார். தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்தவர். அவருடைய மகன் இராமரை ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து கொண்டுபோயிருந்தார்கள். பன்னிரண்டு பாடத்தையும், இரண்டு பக்கத்தையும், சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு கேட்டார். மகன் ஒரு இடைவெளியிலும் இல்லை. இன்னொருமுறை போடவா என்று பத்மாவதி கேட்டாள்.

“வேணாங்கம்மா. எம் மகனுக்கு இங்கிலீசு தெரியாது. அவன் எப்புடி இதுல பேசுவான்?”

வெறுந்தேத்தண்ணியைக் குடித்து முடித்து, படியிறங்கும்போது நின்று, “சிங்களம் படிக்கிற கேசட்டு எங்கயாச்சும் கெடைக்குமாம்மா? அது அவனுக்கு நல்லா வரும்” என்றார். பத்மாவதி புறக்கோட்டையில் இரண்டு நாள் அலைந்து ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். அதைக் கேட்பதற்கு வீட்டுக்குக் கொண்டுபோன சீனியம்மா பிறகு வரவில்லை.

1998இல் சிவபாதசுந்தரத்தின் உச்சரிப்பு திருந்தத் தொடங்கியது. முதலில் ஃபிஷ் சரியாக வந்தது. பிறகு ஃப்ரைடே. ஆடி மாதத்துக்குள் வசனத்தின் ஏற்ற இறக்கமும் வந்துவிட்டது. நோபேட் சேர் தலையைச் சாய்த்துக் கேட்டு, “அச்சாவாச் சொல்லுறார்” என்றார். சொன்ன பிறகுதான் பத்மாவதியின் முகத்தைப் பார்த்தார். “ஆர் சேர் அவருக்குத் திருத்திக் குடுக்கினம்? என்ன செய்து திருத்துகினம்?” என்று அவள் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிழைகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டால் பேசுவது அவர்தான் என்பதற்கு என்ன அடையாளம் மிஞ்சும் என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. ஆகவே ரெக்கோடரில் வாயை வைத்து அவருக்குப் பிழையைப் பழக்கினாள். பிஷ், பிரைடே, கோப்பி, கோப்பி என்று தொண்டை அடைக்கும்வரை சொன்னாள். இத்தனை காலம் பாடுபட்டுப் பழகிய ஆங்கிலத்தை அவள் அப்படிக் கெடுத்ததைக் கேட்டுக் கீழ்வீட்டு ஸமீமா மேலே வந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். 1999 தை மாதம் பதினோராம் திகதி, நான்காம் பாடத்தில் கொஃபி என்ற சொல் பிசகில்லாமல் வந்தது. அன்றுமுதல் கசெட்டில் இருந்த இரண்டு குரல்களும் ஒன்றாகவே இருந்தன. பேசுவது கணவரா, வெள்ளைக்காரரின் எதிரொலியா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அன்று அடுப்பு மூட்டவில்லை. மறுநாள் காலையில் மறுபடி கசெட்டைப் போட்டாள்.

நேர்முகத்துக்கான கடிதம் அந்த ஆவணியில் வந்தது. பத்மாவதி கசெட்டை வீட்டில் வைத்துவிட்டுத் தனியாகப் போனாள். தூதரக அதிகாரி ஒரு வெள்ளைக்காரப் பெண்; பக்கத்தில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருந்தார், அவருக்கு வேலை இருக்கவில்லை. பெயர், ஊர், படிப்பு எல்லாவற்றுக்கும் பத்மாவதி நல்ல ஆங்கிலத்தில் விடை சொன்னாள். பிறகு அதிகாரி கோப்பைப் பார்த்தபடி, “இஸ் யுவர் ஹஸ்பண்ட் அலைவ்?” என்று கேட்டார், கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று. முதல் தரத்திலேயே அவளுக்கு விளங்கியது. ஓம் என்றால் எங்கே என்று கேட்பார்கள். இல்லை என்றால், அதை முதன்முதலில் சொன்ன வாய் தன்னுடையதாகிவிடும். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அப்போது அவளுக்கு இடப்பக்கம், கதிரை இல்லாத இடத்திலிருந்து, ஓர் ஆணின் குரல், “இஸ் யுவர் ஹஸ்பண்ட் அலைவ்?” என்று தெளிவாக, ஓர் எழுத்தும் பிசகாமல் சொன்னது. அதிகாரி நிமிர்ந்தார். மொழிபெயர்ப்பாளரும் நிமிர்ந்தார். அதிகாரி கோப்பில் ஒரு வரி எழுதினார்.

மூன்று வாரம் கழித்துத் தபால் வந்தது. விண்ணப்பதாரியின் கணவர் கொழும்பில் இருப்பதாகத் தெரிவதால் அவரும் நேர்முகத்துக்குத் தோற்ற வேண்டும் என்றும், அதுவரை எந்த முடிவும் எடுக்க இயலாது என்றும் அதில் இருந்தது. அதன் பிறகு ஆறு மாதத்துக்கொருமுறை ஒரு திகதி வந்தது. பத்மாவதி ஒன்றையும் தவறவிடவில்லை. மேசைக்கு முன்னால் இரண்டு கதிரைகள் போட்டிருப்பார்கள். அதிகாரிகள் மாறினார்கள், புதிதாக வருபவரிடம், இவருடைய கணவர் நாங்கள் கேட்பதைத் திருப்பிச் சொல்வார், விடை சொல்லமாட்டார் என்று மொழிபெயர்ப்பாளர் முன்கூட்டியே சொல்லிவைப்பார். அவர்களும் கேள்வியை நிதானமாகக் கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பேனையை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.